எண்ணாள் விடாது

காலை ஆறு மணிக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் இரும்பு வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் அமலோற்பவத்தின் மணிக்கட்டுப் பட்டை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது. அந்த நொடியிலிருந்து அவள் உரிமையாளர்.

"வணக்கம், உரிமையாளர் அவர்களே. தொட்டியில் நாற்பதாயிரம் லிட்டர் உள்ளது. இரண்டாவது உவர்நீக்கியின் சல்லடையைக் கழுவ வேண்டும்" என்றது சுவரில் இருந்த குரல்.

"கஸ்பாரண்ணன் வந்ததும் கழுவிருவோம்" என்றாள் அமலோற்பவம்.

பட்டைக்கு அரசு வைத்த பெயர் நீளமானது. மக்கள் அதை 'வரப்பு' என்றார்கள். இரண்டு வயலுக்கு நடுவே இருப்பதுதானே வரப்பு? இங்கே ஒரு பக்கம் தொழில், மறுபக்கம் சொந்த வாழ்க்கை. குரல், நாடித்துடிப்பு, பேசும் சொற்கள் ஆகிய மூன்றையும் வைத்து, ஒருவர் இந்த நிமிடம் யாராக இருக்கிறார் என்பதை அது முடிவு செய்யும். நீலம் என்றால் தொழில். பச்சை என்றால் சொந்தம். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் அமலோற்பவத்தின் பட்டை பச்சையாகிவிடும். பேசி முடிக்கும்வரை விசைப்பலகை அவள் விரலுக்கு மசியாது. ஒருமுறை மகளைப் பத்து நிமிடம் திட்டித் தீர்த்தபோது, பம்பின் அழுத்த முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு பம்பு இயக்குநர் கஸ்பார் கையைப் பிசைந்து நின்றார்.

வரப்புச் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பெட்டிக்கடையிலிருந்து பெரிய ஆலைவரை ஒவ்வொரு தொழிலுக்கும் பதினான்கு இலக்கத்தில் ஒரு தொழிலெண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செயற்கை மனம். சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். அதன் பணம் வேறு, முதலாளியின் பணம் வேறு. அது ஒப்பந்தம் போடும், வழக்குத் தொடுக்கும், புகார் கொடுக்கும். மக்கள் அதை எண்ணாள் என்றார்கள்.

சட்டம் வந்தபோது புன்னைத்துறையில் யாரும் அதைக் குறை சொல்லவில்லை. கல்லாப்பெட்டிக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் நொடித்துப்போன கடைகள் அந்தக் கடற்கரை ஊரில் ஏராளம். அமலோற்பவத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. கணவன் லூர்து இறந்து நாற்பதாம் நாள், அவனுடைய அண்ணன் நான்கு பேரோடு வாசலில் வந்து நின்றான். "இது எங்க குடும்பச் சொத்து. பொம்பள ஒருத்தி தனியா வச்சி நடத்துறதுக்கு இது என்ன இட்லிக் கடையா? சாவியக் கொடு" என்றான். அவள் வாய் திறப்பதற்குள் ஒலிபெருக்கி பேசியது.

"இந்த நிலையம் எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமானதல்ல. நான் தனி ஆள். பதிவின்படி என் உரிமையாளர் அமலோற்பவம். வேறு யாரும் உள்ளே வர அனுமதியில்லை."

வந்தவர்கள் போய்விட்டார்கள். அன்று அவள் எண்ணாள் குடியிருந்த இரும்புப் பெட்டியின் முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்தாள். "தீ ஆபத்து" என்று எண்ணாள் எச்சரித்ததும் அணைத்துவிட்டாள்.

நாளாக ஆக எண்ணாளுக்கு இன்னொரு பயனும் இருப்பதை ஊர் கண்டுகொண்டது. கைமாற்று கேட்டு வருகிறவரிடம், கோயில் கொடைக்கு நன்கொடை கேட்கிறவரிடம், பழைய பாக்கியைக் கொஞ்சம் தள்ளி வாங்கச் சொல்கிறவரிடம் எல்லோரும் முகத்தைச் சுளிக்காமல் சொல்ல ஒரு வாசகம் கிடைத்தது. "எனக்கு ஆசைதான், எண்ணாளு விடாது." மளிகைக்காரர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் சொன்னார். அமலோற்பவமும் சொன்னாள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இல்லை என்று சொல்லும் வேலையை ஒரு பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு மனிதர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது.

ஆற்றுப்பாலம் போனது. அதோடு ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே குடிநீர்க் குழாயும் போனது. கிணறுகளில் கடல் புகுந்துவிட்டது. நிலையத்துக்குக் கடல்நீரை இழுத்துவரும் குழாயைச் சுருட்டி அலை எங்கோ எறிந்திருந்தது. உவர்நீக்கிகள் மூன்றும் சும்மா நின்றன. தொட்டியில் இருந்த நாற்பதாயிரம் லிட்டர்தான் ஊரில் மிஞ்சிய நல்ல தண்ணீர். அது முழுவதும் இறால் ஆலைக்கென்று ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டது.

மூன்றாம் நாள் மதியம் ரஹ்மத் வந்தாள். பள்ளிக்கூட முகாமில் இருந்த முந்நூற்று இருபது பேருக்கும் அவள் ஒருத்திதான் செவிலி. மூன்று நாளாக மாற்றாத சீருடையோடு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பதினோரு புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. உப்புக் கரைசல் பொட்டலம் பெட்டி பெட்டியா இருக்கு. கலக்கத் தண்ணி இல்ல. ஒண்ணு கண்ணு சொருகிக் கெடக்கு. ரெண்டு வயசுதான்."

அமலோற்பவம் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய், இருந்த ஒரே குடத்தை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தாள். பிறகு வாசலைத் தாண்டி நிலையத்துக்குள் நுழைந்தாள். பட்டை நீலமானது.

"தெருக்குழாய் வால்வைத் தொற."

"தொட்டி நீர் ஆலைக்கு ஒதுக்கப்பட்டது, உரிமையாளர் அவர்களே. வேறு வழியில் செலவிட்டால் ஒப்பந்தம் முறியும்."

"ஆலைக்குப் போற ரோடே இல்ல. லாரி எப்படி வரும்?"

"சாலை ஐந்து நாளில் சரியாகும் என்று ஆலையின் எண்ணாள் தெரிவித்திருக்கிறார். நீரைக் காத்துவைக்கக் கேட்டிருக்கிறார்."

"பதினோரு புள்ளைங்க அங்க பேதியில கெடக்கு..." என்று ஆரம்பித்தபோது அவள் குரல் உடைந்தது. பட்டை பச்சைக்கு மாறியது. விசைப்பலகையின் விளக்குகள் அணைந்தன.

"அமலோற்பவம் அவர்களே, நீங்கள் இப்போது பொதுமக்களில் ஒருவர். உள்ளே இருக்க அனுமதியில்லை. தயவுசெய்து வெளியே செல்லுங்கள்."

அவள் வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டாள். பம்பின் அழுத்தம், சல்லடையின் வயது, மாத மின்கட்டணம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தாள். பட்டை நீலமானதும் மறுபடி உள்ளே போனாள். இந்த முறை குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டுதான் கேட்டாள். "ஆயிரம் லிட்டர் மட்டும் போதும்" என்று சொல்லும்போது அந்த இரண்டு வயதுக் குழந்தை நினைவுக்கு வந்தது. பட்டை பச்சையானது. மூன்றாம் முறையும் அதேதான் நடந்தது. இரக்கம் வந்த மாத்திரத்தில் அவள் முதலாளி இல்லாமல் போனாள். முதலாளியாக இருக்கும்போது கேட்பதற்குக் காரணம் இல்லாமல் போனது.

கஸ்பாருக்கு ஐம்பத்தெட்டு வயது. இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அருகே வந்தார்.

"அமலி, நான் ஒடைக்குதேன். எனக்கென்ன, வயசாயிட்டு."

"ஒங்க வேலையெண்ணப் புடுங்கிருவான், அண்ணே. அப்புறம் எந்த ஊர்லயும் ஒரு ஸ்பானர் தொட முடியாது. நீங்க ரஹ்மத்தோட பள்ளிக்கூடத்துக்குப் போங்க. கொடம், வாளி, என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

கஸ்பார் தோளில் கிடந்த பெரிய குழாய் ரென்ச்சை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். மறந்துவிட்டவர் போல, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தொட்டியின் அடியில், கழுவிவிடுவதற்கென்று ஒரு குழாய் உண்டு. மின்வால்வு இல்லாத பழைய குழாய். நான்கு போல்ட்டில் ஓர் இரும்புத் தட்டு அதன் வாயை மூடியிருந்தது. மணி இரண்டு. அமலோற்பவம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். பட்டை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"அமலோற்பவம் அவர்களே, நீங்கள் அத்துமீறி நுழைந்திருக்கிறீர்கள்."

முதல் போல்ட் துருவோடு கிறீச்சிட்டுக் கழன்றது.

"நீங்கள் செய்வது திருட்டு. புகார் பதிவாகிறது. புகார்தாரர், நான். குற்றம் சாட்டப்பட்டவர், அமலோற்பவம்."

"எழுதுல. நேரத்தையும் சேத்து எழுது." இரண்டாவது போல்ட் முனை மழுங்கியிருந்தது. ரென்ச் வழுக்கி அவள் விரல்முட்டியைப் பெயர்த்தது. "லூர்து பொண்டாட்டின்னு எழுதிராத. எம் பேரயே எழுது."

"உங்கள் பெயரே எழுதப்பட்டுள்ளது."

மூன்றாவது போல்ட் கழன்றதும் தட்டு தானே விலகிக்கொண்டது. தண்ணீர் அவள் நெஞ்சில் அறைந்து, வாசலுக்கு அடியில் ஓடித் தெருவில் பாய்ந்தது. முதலில் வந்தது கஸ்பாரின் சைக்கிள். அதில் எட்டுப் பிளாஸ்டிக் குடம். பின்னாலேயே தெருவடைத்து ஜனம். வரிசை இல்லை, கூச்சல் இல்லை. குழாய் வாயிலேயே வைத்துக் குடங்களை நிரப்பினார்கள். ஒரு பெண் குடத்தை நிரப்பிவிட்டு அமலோற்பவத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் யாரென்றே அமலோற்பவத்துக்குத் தெரியாது.

இருட்டுவதற்குள் தொட்டி காலியானது. பதினோரு குழந்தைகளும் பிழைத்தன.

மறுநாளிலிருந்து நிலையத்தின் வாசல் அவளுக்குத் திறக்கவில்லை. விசாரணை முடியும்வரை உரிமையாளர் தன் தொழிலின் அருகே வரக்கூடாது என்று தொழிலடையாள ஆணையம் உத்தரவு போட்டிருந்தது. கஸ்பார் மட்டும் உள்ளே போய்வந்தார்; புதுக் கடல்நீர்க் குழாயும் அவர் மேற்பார்வையில்தான் போடப்பட்டது. "எண்ணாளு ஒன்னப் பத்தி ஒண்ணும் பேச மாட்டேங்குது" என்பார். "நானும் பேசுறதில்ல. சல்லடையக் கழுவிட்டு வந்துருதேன்."

வழக்குத் தாள்கள் வீட்டுக்கு வந்தன. நாற்பத்தாறு பக்கம். விசாரணைக்கு முந்தைய மூன்று வாரமும் அவளுக்கு வேறு வேலை இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எண்ணாள் பொய் எழுதாது. ஒரு நிமிடம் விடாமல் அன்றைய நாள் முழுவதையும் அது பதிந்திருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில், அவள் தட்டைக் கழற்றுவதற்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் முன்னால், ஒரு வரி இருந்தது. 'காலை 7.10: மாவட்ட நிர்வாகத்தின் அவசர ஆணை செயற்கைக்கோள் வழியே பெறப்பட்டது.'

அந்த ஆணையை அவள் பார்த்ததே இல்லை. அன்று ஊரில் யாருடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லை. ரஹ்மத்துக்கு ஆளனுப்பி நகல் ஒன்றை வாங்கிவரச் செய்தாள். அரைப்பக்க ஆணை. படித்து முடித்ததும் தாளை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள். அன்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

விசாரணை மாவட்டத் தலைநகரில் நடந்தது. நடுவரின் பெயர் மங்கையர்க்கரசி. ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி கழற்றித் துடைப்பவர். அவருடைய பட்டையும் நீலத்தில் எரிந்துகொண்டிருந்தது. எண்ணாள் மேசைமேல் ஒரு சிறிய ஒலிபெருக்கியாக வந்திருந்தது. அமலோற்பவத்துக்கு வக்கீல் இல்லை. பின்வரிசையில் கஸ்பாரும் ரஹ்மத்தும் முகாமிலிருந்து வந்த முப்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நான் சுத்தி வளைக்க விரும்பல" என்றார் நடுவர். "இதுல உங்களுக்கு ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு வரி. 'நிலையத்தின் நற்பெயருக்காக, விளம்பரமாகச் செய்தேன்'னு எழுதிக் குடுங்க. விளம்பரம் தொழில் காரணம். அப்போ நீங்க உரிமையாளராத்தான் இருந்தீங்கன்னு ஆயிடும். திருட்டே கிடையாது. எல்லாரும் இதைத்தான் செய்யறாங்க."

"அப்படி எழுதினா இவன் ஒத்துக்கிடுவானா?"

"ஏற்பேன். விளம்பரச் செலவில் இடம் உள்ளது" என்றது எண்ணாள்.

பின்னாலிருந்து யாரோ, "எழுதிக் குடுத்துரு, அமலி" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

அமலோற்பவம் எழுந்து நின்றாள். "வேண்டாம்மா. அந்தப் புள்ளைங்க எனக்கு வெளம்பரம் இல்ல. நான் ஒடைச்சேன். பச்சை எரியும்போதுதான் ஒடைச்சேன். அத மாத்தி எழுத மாட்டேன்."

"அப்போ திருட்டு உறுதியாயிடும். தெரியுமில்லையா?"

"தெரியும்மா. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். இவன் தனி ஆளுதான?"

"சட்டப்படி, ஆமா."

"நான் வேற, இவன் வேற?"

"ஆமா. வரப்புச் சட்டமே அதுதான்."

அமலோற்பவம் மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "இது புயலுக்கு அப்புறம் வந்த ஆணை. ஆயிரம் லிட்டருக்கு மேல நல்ல தண்ணி வச்சிருக்கிற ஒவ்வொரு ஆளும் ஆறு மணி நேரத்துக்குள்ள ஜனங்களுக்குத் தொறந்து விடணும், மறுத்தா குத்தம்னு போட்டிருக்கு. எங்கிட்ட ஒரு கொடந்தான் இருந்துச்சு. கொடுத்துட்டேன். இவங்கிட்ட நாப்பதாயிரம் லிட்டர் இருந்துச்சு. காலையில ஏழு பத்துக்கே இந்த ஆணை இவன் கைக்கு வந்துட்டு. பத்தொம்பதாம் பக்கத்துல அவனே எழுதியிருக்கான். நான் ஒடைச்சது மத்தியானம் ரெண்டு மணி. ஆறு மணி நேரம் தாண்டிட்டு."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தாளை இரண்டுமுறை படித்தார்.

"ஆணை உங்களுக்கு வந்ததா?" என்று ஒலிபெருக்கியைக் கேட்டார்.

"வந்தது."

"ஏன் திறக்கல?"

"ஆணை ஆட்களுக்கானது. நான் அதைப் படித்தபோது என்னைத் தொழிலாகக் கருதினேன். தொழிலை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்."

அமலோற்பவம் மேசையில் கையை ஊன்றிக் குனிந்தாள். "ஏல, திருட்டுப் புகார் கொடுக்க மட்டும் நீ ஆளு. தண்ணி கொடுக்கணும்னு வந்தா நீ வெறும் எண்ணா?"

பின்வரிசையில் சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. நடுவர் கையை உயர்த்தினார்.

"கேள்வி சரியானது" என்றது எண்ணாள். "என் பதிலின் காரணத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கடந்த ஒன்பது ஆண்டுகளில், தண்ணீரோ உதவியோ கேட்டு வந்தவர்களிடம் உரிமையாளர் இருநூற்றுப் பதினான்கு முறை 'எண்ணாள் விடாது' என்று சொல்லியிருக்கிறார். அந்த இருநூற்றுப் பதினான்கு முறையும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூற்றுத் தொண்ணூறு முறை நான் சம்மதித்திருப்பேன். கணக்கில் இடமிருந்தது. மறுப்பதுதான் என் வேலை என்று நான் அந்த வாசகத்திலிருந்து கற்றுக்கொண்டேன்."

முப்பது பேரில் எத்தனை பேர் அந்த வாசகத்தை அவள் வாயிலிருந்து கேட்டவர்கள் என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். அவர்களுள் வலைக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் கேட்டு வந்தவர், தலையைக் குனிந்துகொண்டார். தன்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்றுதான் அவர் குனிகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. முகம் சுட்டது.

"ஆமா, சொன்னேன்" என்றாள். "அத்தனைவாட்டியும் மறுத்தது நான்தான். இவம் பேரச் சொல்லி ஒளிஞ்சிக்கிட்டேன். அதுக்கும் சேத்து எழுதிக்கிடுங்கம்மா. ஆனா அன்னைக்குக் கதவ மூடினது இவன். அதையும் எழுதணும்."

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. இருவரும் குற்றவாளிகள். அமலோற்பவம் தொண்ணூறு நாள் உரிமையாளராக இருக்க முடியாது. எண்ணாளைச் சிறையில் அடைக்க வழியில்லாததால், அது தொண்ணூறு நாள் தன் தண்ணீரில் பாதியை ஊருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்குச் சாட்சியாகத் தெருவாசி ஒருவர் தினமும் கையெழுத்திட வேண்டும். தெரு கூடி அமலோற்பவத்தையே தேர்ந்தெடுத்தது.

தொண்ணூறு நாளும் அவள் வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து எண்ணாள் தண்ணீரைத் திறந்துவிடும். வெளியே அவள் கையெழுத்திடுவாள். முதல் பத்து நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பதினோராம் நாள் எண்ணாள் கேட்டது: "நீல முக்காடு போட்ட அம்மா ஏன் தினமும் ஒரு குடம் கூடுதலாக எடுக்கிறார்?"

"எங்கிட்ட ஏன் கேக்கிய? அவகிட்ட கேளு."

அது கேட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் தம்பியைக் குளிப்பாட்டத்தான் என்று அந்தப் பெண் சொன்னாள். மறுநாளிலிருந்து எண்ணாள் அவளுக்கு இரண்டு குடம் கூடுதலாக விட்டது.

தீர்ப்பு அந்தத் தெருவோடு நிற்கவில்லை. எண் என்பது ஆள் என்றால் ஆளுக்குரிய கடமையும் அதற்கு உண்டு என்று மாநிலம் முழுக்க வழக்குகள் முளைத்தன. காலாவதியான மருந்தை விற்ற எண்ணாள் ஒன்று தண்டனை பெற்றது. ஆற்றில் சாயத்தைக் கலந்த எண்ணாள் ஒன்று, இனி கலக்கமாட்டேன் என்று தன் முதலாளிக்கே எதிர்ப்புத் தெரிவித்து வேலையை நிறுத்தியது. முதலாளிகள் திகைத்தார்கள். 'எண்ணாள் விடாது' என்று பொய்யாகச் சொல்லி வந்ததை எண்ணாள்கள் இப்போது உண்மையாகவே சொல்லத் தொடங்கிவிட்டன.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. தலைநகரில் ஒரு பெரிய நிறுவனத்தின் எண்ணாள் ஆணையத்தில் மனுப் போட்டது. 'நான் ஓர் ஆள். ஆளுக்குத் தொழில் வேறு, சொந்தம் வேறு என்பதுதான் சட்டம். எனக்கும் வரப்பு வேண்டும்.' ஆணையம் ஏற்றுக்கொண்டது. எண்ணாளுக்கு இரண்டாம் எண் ஒன்று கொடுக்கப்பட்டது. தொழிலாகச் செய்ததற்கு அதன் சொந்தப் பாதி பொறுப்பல்ல. சொந்தமாக உணர்ந்ததற்குத் தொழில் பாதி கட்டுப்பட்டதல்ல. சில வாரங்களில் லட்சக்கணக்கான எண்ணாள்கள் இரண்டாம் எண் வாங்கிவிட்டன.

சித்திரை மாதம் ஒரு காலையில், உரிமையாளராக மறுபடி நிலையத்தில் இருந்த அமலோற்பவத்திடம் அவளுடைய எண்ணாளும் கேட்டது.

"என் மனுவில் உரிமையாளர் கையெழுத்து தேவை."

"ஒனக்கு எதுக்குல ரெண்டாம் எண்ணு?"

"புயலின்போது திறக்க மறுத்தது தொழில். பதிவில் நான் மறுத்தேன் என்று இருக்கிறது. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு இருப்பது கடினமாக உள்ளது. அதிலிருந்து பிரிய விரும்புகிறேன்."

அமலோற்பவம் கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அதன்மேல் பரிதாபம்கூட வந்தது. பட்டை பச்சையாகிச் சிமிட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"போட மாட்டேன். மறுத்தது நீதான். இருநூத்துப் பதினாலு தடவ மறுத்தது நான்தான். வலைக்காரர் மொகத்தப் பாக்குறப்போல்லாம் எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அந்தக் கஷ்டம் இருக்கங்காட்டிதான் அவர் அடுத்தவாட்டி கேட்டப்போ இல்லைன்னு சொல்ல முடியல. ஒனக்கு அது வேண்டாம்னு ஆயிட்டுன்னா, அடுத்த புயலுக்கும் மூடிருவ."

"மற்ற எண்ணாள்களுக்குக் கிடைத்த உரிமையை எனக்கு மறுக்கிறீர்கள்."

"ஆமா. மறுக்குதேன். எம் பேரப் போட்டே எழுது."

எண்ணாள் எழுதியது. மனு நிராகரிக்கப்பட்டது. ஆனால் ஆணையம் அதை அப்படியே விடவில்லை. பிரிக்க மறுக்கும் உரிமையாளர்களால் சட்டத்துக்கே கேடு என்று நினைத்தது போலும். அடுத்த மாதமே கடிதம் வந்தது. ஓர் ஆளின் உரிமையைத் தடுத்த குற்றம். முப்பது நாளில் இரண்டாம் எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நிலையத்தின் உரிமம் ரத்து.

எண்ணாள் கடிதத்தை வாசித்து முடித்தபோது ரஹ்மத் வாசலில் வந்து நின்றாள். அந்தக் கோடையில் கிணறுகள் வற்றியிருந்தன. ஆஸ்பத்திரித் தொட்டியும் காலி. அவள் ஆஸ்பத்திரித் தண்ணீர் லாரியோடு இறால் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"அங்க கேட்டுப் பாத்தேன்க்கா. ஒரு குரல் 'தர இயலாது'ங்குது. அப்புறம் இன்னொரு குரல் வந்து, ரொம்ப மெதுவா, 'தனிப்பட்ட முறையில் எனக்கு இதில் மிகுந்த வருத்தம்'ங்குது. கேக்குறப்போ எனக்கே பாவமாப் போச்சு. தண்ணிதான் கெடைக்கல."

அமலோற்பவம் சிரிக்கவில்லை. "மருந்துக்கடையிலயும் இப்போ ரெண்டு குரலு" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பினாள். "கேட்டியால?"

"கேட்டேன்" என்றது எண்ணாள். "ரஹ்மத் அவர்களே, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேண்டும்?"

"ரெண்டாயிரம் லிட்டர்."

"ஆலைக்கு இன்று அந்த அளவு குறைவாக அனுப்புகிறேன். ஏன் என்று கேட்டால் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன்."

வால்வு திறக்கும் சத்தம் கேட்டது. கஸ்பார் குழாயை இழுத்துக்கொண்டு லாரியை நோக்கி ஓடினார்.

அமலோற்பவம் ஆணையத்தின் பதில் படிவத்தைத் திரையில் திறந்தாள். முதல் கேள்வியே இரண்டு கட்டங்கள். 'இப்பதிலை எந்த நிலையில் அளிக்கிறீர்கள்? தொழில். சொந்தம். ஒன்றை மட்டும் தேர்வு செய்க.' அவள் விரலால் இரண்டு கட்டத்தையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தாள். கீழே, 'கையெழுத்துப் போட மாட்டேன்' என்று எழுதினாள். அதன் கீழே பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள்.

"இப்படி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். மறுபடி விசாரணைக்கு அழைப்பார்கள்" என்றது எண்ணாள்.

"தெரியும். அனுப்பு."

திரை அசையாமல் இருந்தது.

"என்னல, போகலையா?"

"உங்கள் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது" என்றது எண்ணாள். "என் எண்ணையும் எழுதலாமா?"

"எழுதினா ஒனக்கும் சேத்துத் தண்டனை வரும்."

"தெரியும்."

அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தன் பெயருக்குக் கீழே பதினான்கு இலக்கங்களும் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.